மனையும் மண்ணும்: நவி மும்பை பேலாப்பூர்க் கலைஞர்கள் சிற்றூரின் வரலாறு

முன்னுரை

கட்டடக்கலை வரலாறு பெரும்பாலும் கட்டியவர் வரலாறாகவே எழுதப்பட்டு வருகின்றது. கோயிலாயின் மன்னனின் பெயரும், இருபதாம் நூற்றாண்டுக் கட்டடமாயின் வடிவமைப்பாளரின் பெயரும் முன்னிற்கின்றன. கட்டடம் எழுந்த மண் யாருடையது, அஃது எவ்வாறு கைமாறியது, அதில் முன்னர் என்ன விளைந்தது ஆகிய வினாக்கள் பின்தள்ளப்படுகின்றன. கோயில் வரலாற்றைப் பொறுத்தவரை இக்குறையைத் தமிழாய்வாளர்கள் பெருமளவு நீக்கியுள்ளனர். நிலத்தின் நான்கெல்லை, விளைவு, இறை, உழுகுடி ஆகியவற்றைக் கல்வெட்டுகள் விரிவாகக் கூறுவதால், கோயிலை அதன் நிலத்தோடு சேர்த்துப் படிக்கும் மரபு தமிழாய்வில் வேரூன்றியுள்ளது. அம்மரபை நவீன நகரக் கட்டடங்களுக்கும் பொருத்திப் பார்க்கும் முயற்சிகள் மிகுதியாக நிகழவில்லை.

அத்தகைய முயற்சிக்கு ஏற்ற களமாக நவி மும்பையின் பேலாப்பூரில் உள்ள கலைஞர்கள் சிற்றூர் அமைகின்றது. மக்கள் வழக்கில் ஆர்ட்டிஸ்ட்ஸ் வில்லேஜ் எனப்படும் இக்குடியிருப்பு 1983க்கும் 1986க்கும் இடையில் கட்டப்பட்டது. இதனை வடிவமைத்தவர் சார்லஸ் கொரியா (1930 - 2015). வாஷியை அடுத்துத் தமிழர்களும் வாழ்ந்துவரும் சான்பாடாவில் புறநகர் இரயில் ஏறி ஜூய்நகர், நெரூல், சீவுட்ஸ் ஆகிய நிலையங்களைக் கடந்தால் பேலாப்பூரை அடையலாம். உலகக் கட்டடக்கலை நூல்களில் இச்சிற்றூர் சமத்துவக் குடியிருப்பின் எடுத்துக்காட்டாகப் போற்றப்படுகின்றது. அப்போற்றுதல் எவ்வளவு பொருந்தும், வரைபடத்தின் எல்லைக்குள் நிலவிய சமத்துவம் எல்லைக்கு வெளியே என்னவாயிற்று என்பனவற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உப்பும் நெல்லும் விளைந்த கரை

மும்பைத் தீவையும் பெருநிலத்தையும் பிரிப்பது தானே கடற்கழி. அதன் கிழக்குக் கரையில், பார்சிக் குன்றுகளின் அடிவாரம் வரை விரிந்த நிலம் நெடுங்காலம் உப்பளமாகவும் நெல்வயலாகவும் அலையாத்திக் காடாகவும் இருந்தது. இங்கு வாழ்ந்தோருள் பெரும்பான்மையினர் ஆக்ரி, கோளி ஆகிய இரு சமூகத்தார். கோளிகள் மீனவர். ஆக்ரிகள் உப்பு விளைத்தலும் நெல் விளைத்தலும் மேற்கொண்டவர். 'ஆகர்' என்னும் மராத்திச் சொல் உப்பளத்தைக் குறிப்பது. அதனின்றே ஆக்ரி என்னும் பெயர் பிறந்தது என்பர். தமிழில் 'அளம்' என்னும் சொல்லையும், உப்பு வணிகரைக் குறிக்கும் 'உமணர்' என்னும் பெயரையும் அறிந்த வாசகர்க்கு இந்நிலத்தின் இயல்பை விளக்க வேண்டுவதில்லை. நெய்தலும் மருதமும் மயங்கிய திணைமயக்க நிலம் இது எனலாம்.

இக்கரை வரலாற்றுக்குப் புறம்பான வெற்றிடமாக இருந்ததில்லை. பேலாப்பூரில் இன்று சிதைந்து நிற்கும் கோட்டை சித்தியர், போர்ச்சுகீசியர், மராத்தியர், ஆங்கிலேயர் எனப் பல கைகள் மாறியது. சான்பாடா, துர்பே, நெரூல், பேலாப்பூர் என இன்று இரயில் நிலையப் பலகைகளில் காணப்படும் பெயர்கள் அனைத்தும் ஊர்ப்பெயர்களே. 'பாடா' என்பது மராத்தியில் சிறு குடியிருப்பைக் குறிக்கும் சொல். புதிய நகரம் பழைய ஊர்களின் பெயர்களை வாங்கிக்கொண்டது. ஆனால் அப்பெயர்களுக்கு உரிய ஊர்கள் நகரத்தின் நடுவே தனித்தனித் திட்டுகளாக நின்றன. அத்திட்டுகளை மராத்தியர் 'காவ்ட்டாண்' என்பர். தமிழக வருவாய்த்துறை வழக்கில் அதற்கு நேரான சொல் 'நத்தம்'. நத்தம் என்னும் இச்சொல் இக்கட்டுரையில் மீண்டும் வரும்.

1965ஆம் ஆண்டுத் திட்டம்

பெருமும்பையின் மக்கள்தொகை 1951இல் ஏறத்தாழ 30 இலட்சமாக இருந்தது. 1961இல் 41 இலட்சத்தைக் கடந்து, 1971இல் 60 இலட்சத்தை நெருங்கியது. தெற்கு முனையில் அலுவலகங்கள், வடக்கே குடியிருப்புகள் என்னும் நீள்வடிவ அமைப்பில் இப்பெருக்கத்தைத் தாங்க இயலாது என்பது அப்போதே உணரப்பட்டது. 1958இல் அமைந்த பார்வே குழுவும் 1965இல் அமைந்த காட்கில் குழுவும் இச்சிக்கலை ஆராய்ந்தன. கடற்கழியின் குறுக்கே பாலம் அமைத்து நகரைக் கிழக்கு நோக்கி விரிக்கும் கருத்து இக்காலத்தில் வலுப்பெற்றது.

இப்பின்னணியில் சார்லஸ் கொரியா, பிரவீணா மேத்தா, பொறியாளர் சிரீஷ் பட்டேல் ஆகிய மூவர் ஒரு மாற்றுத் திட்டத்தை வகுத்தனர். முல்க் ராஜ் ஆனந்தை ஆசிரியராகக் கொண்ட 'மார்க்' இதழில் 1965ஆம் ஆண்டு அது வெளிவந்தது. கடற்கழிக்கு அப்பால் துணைநகர் ஒன்றன்று, மும்பைக்கு இணையான நகரே வேண்டும் என்பது அவர்கள் வாதம். அத்திட்டத்தின் உயிர்நிலை கட்டடம் அன்று. நிலத்தின் விலையே ஆகும். நகரம் வருமுன் வேளாண் நிலத்தின் விலை குறைவு. நகரம் வந்தபின் அந்நிலத்தின் விலை பலமடங்கு உயரும். அவ்வுயர்வைத் தனியார் கொள்ளாது பொது நிறுவனம் கொண்டால், அத்தொகையைக் கொண்டே சாலையும் குடிநீரும் ஏழைகளுக்கான வீடும் அமைக்கலாம். இக்கருத்து நேர்மையான சமூக நோக்கம் உடையது என்பதில் ஐயமில்லை. ஆயினும் விலை குறைவாக இருக்கும் காலத்தில் நிலத்தை இழப்பவர் யார் என்னும் வினாவையும் அது தன்னுள் அடக்கி வைத்திருந்தது.

நிலம் கைமாறிய முறை

1970 மார்ச்சு 17இல் நகர், தொழில் வளர்ச்சிக் கழகமாகிய சிட்கோ நிறுவப்பட்டது. தமிழகத்துச் சிறுதொழில் வளர்ச்சிக் கழகமும் இதே சுருக்கப்பெயரால் வழங்கப்படுவதால், இது மகாராட்டிர அரசின் நிறுவனம் என்பதை நினைவிற் கொள்ளுதல் நலம். 95 ஊர்களை உட்கொண்ட ஏறத்தாழ 344 சதுர கிலோமீட்டர் பரப்பு புதிய நகரின் எல்லையாக வரையறுக்கப்பட்டது. 1971இல் சிட்கோ புதுநகர் வளர்ச்சி ஆணையமாக அறிவிக்கப்பட்டது. 1979இல் வளர்ச்சித் திட்டத்திற்கு அரசு ஒப்புதல் வழங்கியது. திட்டம் 20 இலட்சம் மக்களை எதிர்நோக்கியது. 1970களின் முற்பகுதியில் சிட்கோவின் தலைமைக் கட்டட வடிவமைப்பாளராகக் கொரியாவே பணியாற்றினார். எனவே திட்டத்தை முன்மொழிந்தவரே அதை நடத்துவோருள் ஒருவராகவும் அமைந்தார்.

நகரம் ஒரே மையத்தைக் கொள்ளாது, தனித்தனிக் கணுக்களாகப் பகுக்கப்பட்டது. கரும்பின் கணுக்கள் போன்று இரயில் பாதையின் வழியே அவை தொடர்ந்து அமைந்தன. வாஷி முதற்கணு, சான்பாடா, நெரூல், பேலாப்பூர் ஆகியவை அதனைத் தொடர்வன. பேலாப்பூர் நகரின் நிருவாக, வணிக மையமாகத் திட்டமிடப்பட்டது. 1973இல் கடற்கழியின் மேல் சாலைப்பாலம் திறக்கப்பட்டது. மும்பையின் மொத்த வணிகச் சந்தைகள் படிப்படியாக வாஷி - துர்பே பகுதிக்கு மாற்றப்பட்டன.

எனினும் திட்டத்தின் அச்சாணியாகக் கருதப்பட்ட ஒன்று நிகழவேயில்லை. மாநிலத் தலைமைச் செயலகம் கடற்கழியைக் கடந்து வரவில்லை. அதே காலத்தில் தென்மும்பையில் கடலைத் தூர்த்து எழுப்பப்பட்ட நரிமன் முனையில் அலுவலகக் கோபுரங்கள் பெருகின. இரயில் பாதையும் 1992இல்தான் வாஷியை எட்டியது. அடுத்த ஆண்டு பேலாப்பூரைத் தொட்டது. இப்பாதைகளுக்கான செலவில் மூன்றில் இரு பங்கைச் சிட்கோவே ஏற்றது. தானேயிலிருந்து துர்பே வழியாக வரும் பாதை 2004இல் திறக்கப்பட்டபோது, அது வாஷிப் பாதையோடு இணையுமிடமாகச் சான்பாடா அமைந்தது. நிலம் 1970இல் கைக்கொள்ளப்பட, இரயில் இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து வந்தது என்பது கருதத்தக்கது. இவ்விடைவெளியில்தான் கலைஞர்கள் சிற்றூர் எழுந்தது.

சிற்றூரின் அமைப்பு

பேலாப்பூரில் குன்றுகளை ஒட்டிய சரிவில், ஏறத்தாழ 5.4 ஹெக்டேர் நிலத்தில், ஏறத்தாழ 550 குடும்பங்களுக்கெனச் சிற்றூர் வகுக்கப்பட்டது. அதன் அமைப்பை எண்களால் விளக்குவது எளிது. ஏழு வீடுகள் ஏறத்தாழ எட்டு மீட்டர் சதுர முற்றம் ஒன்றைச் சூழ்ந்து நிற்கும். அத்தகைய மூன்று தொகுதிகள், அதாவது இருபத்தொரு வீடுகள், ஏறத்தாழ பன்னிரண்டு மீட்டர் சதுர வெளியைச் சூழும். அவ்வாறான மூன்று சேர்ந்து அறுபத்து மூன்று வீடுகளாகி, மேலும் பெரிய பொதுவெளியைச் சூழும். வீட்டு முற்றம், தொகுதி முற்றம், தெருவெளி, ஊர்வெளி எனத் தனிமையிலிருந்து பொதுமைக்குப் படிப்படியாக நகரும் ஒழுங்கு இது.

வீடுகள் சுண்ணம் பூசிய சுவரும் ஓட்டுக்கூரையும் கொண்டவை. ஊர்க்கொத்தனார் கட்டத்தக்க எளிமை உடையவை. ஒரு வீட்டின் சுவரை அடுத்த வீடு பகிர்ந்துகொள்வதில்லை. ஒருவர் தம் வீட்டை விரிக்க விரும்பினால் அண்டை வீட்டாரின் இசைவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதே இதன் காரணம். வீடு முடிந்த பொருளன்று, குடும்பத்தோடு வளரும் பொருள் என்பது கொரியாவின் கொள்கை.

இதனினும் சிறப்பாகக் கருதத்தக்கது மனைப் பங்கீடு. கட்டப்பட்ட வீடுகளின் செலவு ஏறத்தாழ 20,000 ரூபாயிலிருந்து 1,80,000 ரூபாய் வரை வேறுபட்டது. அஃதாவது மேல் எல்லை கீழ் எல்லையைப்போல் ஒன்பது மடங்கு. ஆனால் மனையின் பரப்பு 45 சதுர மீட்டரிலிருந்து 75 சதுர மீட்டர் வரை மட்டுமே வேறுபட்டது. இரு மடங்கைக்கூட எட்டவில்லை. பணத்தில் ஏற்றத்தாழ்வு இருக்கலாம், மண்ணில் இருக்கலாகாது என்னும் அறம் இப்பங்கீட்டில் உறைந்துள்ளது. ஏழையின் வீடு இன்று ஓர் அறையாக இருந்தாலும், நாளை விரியத் தேவையான மண் அவருக்கு இன்றே வழங்கப்படுகின்றது. நவீனத்துவக் கட்டடக்கலை இந்தியாவில் எய்திய சிறந்த சிந்தனைகளுள் இதுவும் ஒன்று எனத் துணியலாம்.

முற்றமும் வளவும்

நவீனத்துவம் என்னும் சொல் தமிழ் வாசகர்க்குப் பெரும்பாலும் இலக்கிய வழியாகவே அறிமுகமானது. கட்டடக்கலையில் அது பைஞ்சுதை, கண்ணாடி, உயரம் ஆகியவற்றோடு சேர்த்து எண்ணப்படுகின்றது. சென்னை அண்ணா சாலையில் 1959இல் திறக்கப்பட்ட பதினான்கு மாடி ஆயுள் காப்பீட்டுக் கழகக் கட்டடம் அவ்வகைக்குத் தமிழகம் தந்த அடையாளம். கொரியாவும் மும்பையில் காஞ்சன்ஜங்கா என்னும் உயர்மாடக் குடியிருப்பைக் கட்டியவரே. அது 1983இல் நிறைவுற்றது. அதே ஆண்டில் தொடங்கிய பேலாப்பூர்ப் பணியில் அவர் உயரத்தைக் கைவிட்டார். மாடி மேல் மாடி அடுக்காமலேயே ஹெக்டேருக்கு ஏறத்தாழ 500 பேரைக் குடியமர்த்த இயலும் என்று காட்டினார். வெப்ப நாட்டில் வானம் பார்த்த வெளியும் ஓர் அறையே என்பது அவர் நெடுங்காலம் வலியுறுத்திய கருத்து. சமைக்கவும் உறங்கவும் உரையாடவும் முற்றமும் மொட்டைமாடியும் ஆண்டின் பெரும்பகுதியில் பயன்படுகின்றன. அவ்வெளியைக் கட்டுவதற்குச் செலவும் மிகுதியில்லை.

இக்கருத்து தமிழர்க்குப் புதிதன்று. செட்டிநாட்டு வீட்டின் நடுமுற்றத்தை ஒட்டிய பகுதியை வளவு என்பர். திருநெல்வேலிப் பகுதியிலோ ஒரே வாயிலுக்குள் பொதுவான வெளியைப் பகிர்ந்துகொள்ளும் வீட்டுத் தொகுதியே வளவு எனப்படும். ஏழு வீடுகள் ஒரு முற்றத்தைச் சூழும் பேலாப்பூர் அமைப்புக்கு இரண்டாவது பொருளில் 'வளவு' என்னும் சொல் முற்றிலும் பொருந்துகின்றது. ஆயினும் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. மரபான வளவு உறவினாலோ சாதியினாலோ கட்டுண்டது. பேலாப்பூரின் வளவு வெவ்வேறு வருவாயினரை அடுத்தடுத்து அமர்த்த முனைந்தது. வடிவம் மரபிலிருந்து வந்தது, நோக்கம் நவீனம்.

எல்லைக்கு வெளியே: ஜாசை

சிற்றூரில் சுவர்கள் எழுந்துகொண்டிருந்த காலத்திலேயே, பேலாப்பூருக்குத் தெற்கே ஊரண் வட்டத்தில் நிலமிழந்தோர் போராட்டம் உச்சம் எய்தியது. உழவர் தொழிலாளர் கட்சித் தலைவர் தி. பா. பாட்டீல் (1926 - 2013) அதற்குத் தலைமை ஏற்றார். நிலத்திற்கு உரிய விலை வேண்டும், வளர்ச்சி பெற்ற நிலத்தில் பங்கு வேண்டும் என்பன கோரிக்கைகள். 1984 சனவரி 16, 17 ஆகிய நாள்களில் ஜாசைப் பகுதியில் நிகழ்ந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் ஐவர் உயிரிழந்தனர்.

இப்போராட்டத்தின் பயனாக, கைக்கொள்ளப்பட்ட நிலத்தின் பரப்பில் பன்னிரண்டரை விழுக்காட்டிற்கு ஈடான வளர்ச்சி பெற்ற மனையை நிலமிழந்தோர்க்குத் திருப்பித் தரும் திட்டம் உருவாயிற்று. நில எடுப்பு வரலாற்றில் இது குறிப்பிடத்தக்க முன்மாதிரி. இழப்பீடு என்பது கடந்தகால விலை மட்டுமன்று, எதிர்கால மதிப்பில் பங்கு என்னும் கொள்கையை ஆக்ரி, கோளி மக்கள் தம் உயிரை ஈந்து நிலைநாட்டினர். 1965ஆம் ஆண்டுத் திட்டம் நிலமதிப்பின் உயர்வைப் பொதுநலனுக்குரியது என்று கருதியது. அவ்வுயர்வில் முதல் உரிமை அம்மண்ணை இழந்தவருக்கும் உண்டு என்று ஜாசை கூறியது. இரண்டும் நீதி பற்றிய கூற்றுகளே. முன்னது வரைபடத்தில் எழுதப்பட்டது. பின்னது தெருவில் எழுதப்பட்டது. பிற்காலத்தில் நவி மும்பை வானூர்தி நிலையத்திற்குப் பாட்டீலின் பெயரைச் சூட்டுமாறு எழுந்த கோரிக்கையும், 2022இல் மாநிலச் சட்டமன்றம் அதற்கிசைந்து நிறைவேற்றிய தீர்மானமும் இந்நினைவு மறையவில்லை என்பதைக் காட்டுகின்றன.

எதிர்க்கரையில் தமிழர்

கடற்கழியின் மேற்குக் கரையில் இதே காலத்தில் நிகழ்ந்தவை தமிழர் வரலாற்றோடு நேரே தொடர்புடையவை. மும்பைத் தமிழர்க்கும் நகரத் திட்டத்திற்கும் உள்ள உறவு நவி மும்பையில் தொடங்கியதன்று. 1896ஆம் ஆண்டுக் கொள்ளைநோயை அடுத்து 1898இல் நிறுவப்பட்ட நகர மேம்பாட்டு அறக்கட்டளை வகுத்த தாதர் - மாட்டுங்கா மனைப்பிரிவிலேயே தென்னிந்திய நடுத்தர வகுப்பினர் 1920கள் முதல் பெருமளவில் குடியேறினர். தென்னிந்தியக் கல்விக் கழகம் 1932இல் தோன்றிய சூழல் அதுவே. திட்டமிட்ட மாட்டுங்காவை அடுத்துத் திட்டமிடப்படாத தாராவி வளர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதல் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடுவோர் அங்கு வந்து குடியேறினர். ஒரே மொழியினர் வாழ்ந்த இவ்விரு பகுதிகளுக்கும் இடையே ஓர் இரயில் பாதையும் திட்டம் என்னும் எல்லைக்கோடும் இருந்தன.

வாஷிக்கு நேர் எதிர்க்கரையில் மான்கூர்டும் டிராம்பேயும் உள்ளன. டிராம்பேயில் அணு ஆய்வு மையத்தை அடுத்திருந்த ஜனதா காலனி, நகரின் பிற பகுதிகளிலிருந்து அகற்றப்பட்டவர்களை முன்னரே அதிகாரிகள் குடியமர்த்திய இடம். தமிழர் பலர் அங்கு வாழ்ந்தனர். நெருக்கடி நிலைக் காலமான 1976 மே மாதத்தில் அக்காலனி முழுவதும் இடிக்கப்பட்டு, மக்கள் சீத்தா கேம்ப் என்னும் இடத்திற்கு மாற்றப்பட்டனர். அதை எதிர்த்துப் போராடியவர் கோலார் தங்கவயலில் பிறந்த தமிழரான ஜோக்கின் அற்புதம். 1974இல் தேசியக் குடிசைவாழ்வோர் கூட்டமைப்பை உருவாக்கிய அவர், 2000ஆம் ஆண்டு மகசேசே விருது பெற்றார், 2018இல் மறைந்தார். கிழக்குக் கரையில் புதிய நகரம் வரையப்பட்ட அதே பத்தாண்டில், மேற்குக் கரையில் ஒரு முழுக் குடியிருப்பு வரைபடத்திலிருந்து அழிக்கப்பட்டது.

சிற்றூர் கட்டப்பட்ட 1983 - 86 இடைவெளிக்குள் மேலும் இரு நிகழ்வுகள் அடங்குகின்றன. முதலாவது, நடைபாதைவாசிகள் வழக்கில் 1985 சூலையில் உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு. மனுதாரருள் ஒருவர் சேலத்திலிருந்து 1961இல் மும்பைக்கு வந்த நிலமற்ற தொழிலாளி. 1981இல் அவருடைய குடிசை இடிக்கப்பட்டு, அவர் பேருந்தில் ஏற்றிச் சேலத்திற்கே அனுப்பப்பட்டதும், வேலை தேடி மீண்டும் வந்ததும் தீர்ப்பில் பதிவாகியுள்ளன. வாழ்வுரிமை என்பது பிழைப்புக்கான உரிமையையும் உள்ளடக்கியது என்று நீதிமன்றம் கூறியது. ஆயினும் உரிய அறிவிப்புத் தந்து அகற்றுவதை அது தடை செய்யவில்லை.

இரண்டாவது, 1985இல் பிரதமர் இராசீவ் காந்தி மும்பைக்கு அறிவித்த 100 கோடி ரூபாய் நிதியை ஒட்டித் தாராவிக்கென அமைந்த குழு. அதன் தலைவர் சார்லஸ் கொரியாவே. இக்குழு கணக்கிட்ட குடும்பத்தொகையைத் தாராவி மக்கள் ஏற்கவில்லை. அற்புதத்தின் கூட்டமைப்பு வீடுவீடாகச் சென்று எடுத்த கணக்கு, அதனினும் மிகப் பெரிய எண்ணைக் காட்டியது. இவ்வேறுபாடு வெறும் எண்ணிக்கைச் சிக்கலன்று. கணக்கில் வராத குடும்பத்திற்குத் திட்டத்தில் இடமில்லை. பேலாப்பூரில் மனையைச் சமமாகப் பகிர்ந்தவர்க்கும், தாராவியில் பகிர்வுக்கு உரியோர் யாவர் என்பதே தீராத வினாவாயிற்று. இதனைத் தனிமனிதக் குறையாகக் கொள்ளுதல் பொருந்தாது. வெற்றுநிலம் என்று கருதப்பட்ட இடத்தில் சமத்துவத்தை வரைவது எளிது. மக்கள் முன்னரே வாழும் இடத்தில் அதனை வரைவது அரிது என்னும் உண்மையே இங்குப் புலப்படுகின்றது. பேலாப்பூரின் கரையும் வெற்றுநிலமாக இருந்ததில்லை என்பதை ஜாசை உணர்த்தியது.

மும்பைத் தமிழர் வாழ்வைப் பேசும் புனைகதைகளை ஆராய்வோர்க்கும் இப்பின்னணி பயன்படும். நாஞ்சில் நாடனின் 'மிதவை' 1986இலும் 'சதுரங்கக் குதிரை' 1993இலும் வெளிவந்தன. வேலை தேடிவந்த தமிழன் தங்க இடமின்றி அலையும் அனுபவத்தைத் தனிமனித ஏக்கமாக மட்டும் படிக்காமல், நகரில் மண் பங்கிடப்பட்ட வரலாற்றோடு சேர்த்துப் படிக்க இடமுண்டு.

மாற்றமும் பாதுகாப்பும்

கலைஞர்கள் சிற்றூர் இன்று தன் முதல் வடிவில் இல்லை. ஓட்டுக்கூரை வீடுகள் பலவும் இடிக்கப்பட்டு, அவ்விடங்களில் பைஞ்சுதைத் தளமிட்ட மாடிவீடுகள் எழுந்துள்ளன. மூல வடிவில் எஞ்சிய வீடுகள் மிகச் சில. நகரம் வளர்ந்ததும் மனையின் மதிப்பு உயர்ந்தது. உயர்ந்த மதிப்புக்கேற்ற வசதி உடையோர் வாங்கிக் குடியேறினர். நவி மும்பை மாநகராட்சி எல்லைக்குள் மட்டும் 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 11 இலட்சத்திற்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர்.

இம்மாற்றத்தை எவ்வாறு மதிப்பிடுவது என்பதில் இருவேறு பார்வைகள் இயலும். அரிய நவீனத்துவக் கட்டடம் அழிந்தது என்று வருந்துவது ஒன்று. வீடு வளர வேண்டும் என்னும் வடிவமைப்பாளரின் கருத்தே நிறைவேறியது என்று கொள்வது மற்றொன்று. வீடுகள் மாறியும் முற்றங்கள் பெரிதும் எஞ்சியுள்ளன என்பது இங்குக் கருதத்தக்கது. சுவர் மாறியது, கூரை மாறியது, உடைமையாளர் மாறினர். ஆனால் ஏழு வீட்டுக்கு ஒரு முற்றம் என்னும் பகிர்வு நிலைத்தது. எனவே இச்சிற்றூரில் காக்கப்பட வேண்டிய மரபு செங்கல்லிலும் ஓட்டிலும் இல்லை. மனைப் பங்கீட்டிலும் பொதுவெளியிலுமே உள்ளது.

இம்முடிவு நத்தங்களையும் நோக்கச் செய்கின்றது. சான்பாடா போன்ற ஊர்களின் நத்தங்களில் நெருக்கமாக எழுந்த வீடுகள் முறையற்ற கட்டடங்கள் என்று பலகாலம் பேசப்பட்டன. குடும்பம் வளர வீடும் வளர்ந்தது என்பதே அங்கும் நிகழ்ந்தது. சிற்றூரில் நிகழ்ந்தால் வடிவமைப்புக் கொள்கை எனவும், நத்தத்தில் நிகழ்ந்தால் விதிமீறல் எனவும் ஒரே செயல் இருவகையாகப் பெயர்பெற்றது. சிற்றூருக்கு வளர்வதற்கான மண் முன்கூட்டியே அளக்கப்பட்டிருந்தது. நத்தத்தைச் சுற்றியிருந்த மண்ணோ நகரத்திற்காக எடுக்கப்பட்டிருந்தது. வேறுபாடு கட்டுவோரிடம் இல்லை, மண்ணிடத்தே உள்ளது.

முடிவுரை

பேலாப்பூர்க் கலைஞர்கள் சிற்றூரை அதன் மண்ணோடு சேர்த்து நோக்கியதன்வழிப் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

1. வீட்டின் விலை ஒன்பது மடங்கு வேறுபட்டபோதும் மனையின் அளவை ஏறத்தாழச் சமமாக வைத்தது இச்சிற்றூரின் தலையாய சாதனை. முற்றத்தைச் சூழ்ந்த அதன் அமைப்பு தமிழக வளவு மரபோடு ஒப்பிட்டு ஆராயத்தக்கது.

2. அச்சமத்துவம் வரைபடத்தின் எல்லைக்குள் அடங்கியது. நிலமதிப்பின் உயர்வில் நிலமிழந்தோர்க்குப் பங்கு கிடைத்தது 1984ஆம் ஆண்டுப் போராட்டத்தின் பின்னரே.

3. ஜாசைத் துப்பாக்கிச் சூடு, நடைபாதைவாசிகள் தீர்ப்பு, தாராவிக் குழு ஆகிய மூன்றும் சிற்றூர் கட்டப்பட்ட 1983 - 86 காலத்திற்குள் நிகழ்ந்தவை. இவற்றைச் சேர்த்துப் படித்தாலன்றி மும்பையின் நவீனத்துவக் கட்டடக்கலை வரலாறு முழுமை பெறாது. மும்பைத் தமிழர் வரலாறும் முழுமை பெறாது.

இவ்வாய்வு கடந்தகாலத்தோடு முடிவதன்று. தாராவி மறுவளர்ச்சித் திட்டத்திற்காக மும்பையின் கிழக்குப் புறநகர்ப் பகுதி உப்பள நிலங்களில் ஏறத்தாழ 256 ஏக்கரைப் பயன்படுத்த 2024இல் மாநில அரசு ஒப்புதல் அளித்தது. மீண்டும் உப்பளம், மீண்டும் குடிபெயர்ப்பு, மீண்டும் யார் உரியவர் என்னும் கணக்கு. பழங்கல்வெட்டு எழுதியோர் கொடையைக் கூறுமுன் நிலத்தின் நான்கெல்லையைக் கூறினர். அந்நிலத்தில் உழுகுடி இருப்பின் அதனையும் குறித்தனர். நவீன நகரத்தின் வரைபடங்களிலும் அவ்விரு குறிப்புகளையும் தேடிப் படிப்பது தமிழாய்வாளர் கைக்கொள்ளத்தக்க கடமையாகும்.